ஆறு கிலோ துப்பாக்கி எதற்கு?

பி.எஸ்.ஏ. சைக்கிளை அறியாதவர் நம்மில் அநேகமாக இல்லை. சென்னையை அடுத்த அம்பத்தூரில் தயாராகித் தமிழ்நாட்டின் தெருக்களிலெல்லாம் ஓடிய வண்டி அது. ஆனால் அந்த மூன்று எழுத்துகளின் விரிவு என்ன என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பதே விரிவு. அதாவது, பர்மிங்ஹாம் நகரத்துச் சிறு படைக்கலங்கள்! 1861-ம் ஆண்டில் அந்த நகரத்துத் துப்பாக்கி செய்வோர் ஒன்றுகூடித் தொடங்கிய நிறுவனம் அது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிற்பாடு வந்தவை. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய படமே அதன் முத்திரை.

இந்த நிறுவனம் செய்த ஒரு பழைய துப்பாக்கியைப் பற்றி என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் அண்மையில் எழுதிக் கேட்டிருந்தார். அவர் இப்போது இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். ஓய்வு நேரத்தில் இலக்குச் சுடும் மன்றம் ஒன்றில் பயிற்சி பெறுகிறார். மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம்முடைய துப்பாக்கியை விற்க முன்வந்திருக்கிறார். 1950-களில் செய்தது, 'மார்ட்டினி இன்டர்நேஷனல்' என்னும் வகை, கனத்த குழல். நிறுத்துப் பார்த்தால் 6.3 கிலோ இருந்ததாம். "விலை கட்டுப்படியாகும் சார். ஆனால் இந்தக் கனத்தால் உண்மையிலேயே பயன் உண்டா? அல்லது அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கனமாகச் செய்தார்கள் என்பதுதானா? இரண்டு மாதச் சேமிப்பு போய்விடும், அதனால் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

நல்ல கேள்வி. அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இங்கே தருகிறேன். மேல்நிலைப் பள்ளி இயற்பியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் உந்தம், நிலைமம், மீள்திறன், தன்வெப்பம் ஆகிய நான்கும் இந்த ஒரே கேள்விக்குள் வந்து நிற்கின்றன.

முதலில், அந்தத் துப்பாக்கியால் ஆக வேண்டிய வேலை என்ன என்று பார்ப்போம். 50 மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை. அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. நம்முடைய சட்டைப் பொத்தானின் அளவுதான். மையத்தைக் குறிவைத்த குண்டு 5.2 மி.மீ. விலகினால் வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடும். குழலின் நீளம் 70 செ.மீ. என்று கொள்வோம். துப்பாக்கியின் பின்பகுதி அசையாதிருக்க, குழலின் வாய் எவ்வளவு நகர்ந்தால் இந்த விலகல் ஏற்படும்? வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். 5.2-ஐ 50,000-ஆல் வகுத்து 700-ஆல் பெருக்குங்கள். 0.07 மி.மீ. வரும். ஒரு தலைமயிரின் பருமன்! மூச்சும் இதயத் துடிப்பும் உள்ள ஒரு மனிதர் கையிலுள்ள பொருளை ஒரு மயிரிழைக்குள் நிறுத்தியாக வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டு. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த 50 மீட்டர்ப் போட்டியின் மூன்று நிலைப் பிரிவில்தான். அவர் செய்தது எத்தகைய காரியம் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

இதற்கான குண்டு சிறியது. 0.22 அங்குலத் தோட்டாவின் ஈயக் குண்டு 2.6 கிராம் நிறையுள்ளது. விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டிய வரிப்பள்ளங்கள் உண்டு. அவை சுமார் 406 மி.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. ஆகவே வெளிவரும் குண்டு விநாடிக்கு 800 தடவை சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் போகிறது. குண்டு நேர்கோட்டில் போகிறது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 50 மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 0.16 விநாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் அது புவியீர்ப்பினால் பன்னிரண்டரை செ.மீ. கீழே விழுந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் குறிகாட்டிகளைத் திருத்தி, குழலைச் சற்று மேல்நோக்கி வைக்கிறார்கள்.

இனிக் கனத்துக்கு வருவோம்.

உரலில் குத்தும் உலக்கையைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே நீளமுள்ள ஒரு மூங்கில் குச்சியைப் பிடித்துப் பாருங்கள். குச்சியின் நுனி துருதுருவென்று நடுங்கும். உலக்கையின் நுனி அப்படி நடுங்காது. ஆனால் சற்று நேரத்தில் கை தளர்ந்து மெல்ல மெல்ல இறங்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒரு பொருளைத் திருப்பும்போது அது காட்டும் தயக்கத்தை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். நிறையானது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதன் இருமடிக்கு ஏற்ப இது கூடும். துப்பாக்கியில் தோளுக்கு மிகவும் தள்ளி இருப்பது குழல்தான். ஆகவே மரக்கட்டையில் ஒரு கிலோ கூட்டுவதைவிடக் குழலில் ஒரு கிலோ கூட்டுவது பன்மடங்கு பலன் தரும். இதயத் துடிப்பும் தசை நடுக்கமும் குறுகிய நேரத் தள்ளல்கள். அதே தள்ளலுக்கு, நிலைமத் திருப்புத்திறன் இரு மடங்கானால் அசைவு பாதியாகிறது. மூச்சினால் உண்டாகும் மெதுவான ஏற்றஇறக்கம் இப்படிக் குறையாது. தசை தளர்ந்தால் அது கூடவும் கூடும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, எந்த நிலையில் சுடப் போகிறீர்கள் என்பது. குப்புறப் படுத்து, இரு முழங்கைகளையும் தரையில் ஊன்றி, புயத்தில் மாட்டிய தோல்வாரில் பாரத்தை ஏற்றிச் சுடுவது ஒரு நிலை. அதில் தசைக்கு வேலை குறைவு. கனம் முழுவதும் லாபம். நின்றுகொண்டு சுடுவதென்றால் 6.3 கிலோ சோதனைதான். என் மாணவர் படுத்த நிலையில் மட்டுமே சுடுகிறார். இங்கிலாந்து மன்றங்களில் அதுவே பெருவழக்கு. ஆக, முதல் கேள்வியில் பழைய துப்பாக்கி தேறிவிட்டது.

அடுத்தது பின்னுதைப்பு. குண்டு வெளியேறிய பிறகுதான் துப்பாக்கி பின்னால் நகர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. குண்டு முன்னே ஒரு முழம் நகர்ந்தால், அந்தக் கணமே துப்பாக்கியும் தன் பங்குக்குப் பின்னே நகர்ந்தாக வேண்டும். உந்தம் மாறாமை விதி காத்திருக்காது. குண்டு 70 செ.மீ. குழலைக் கடக்கும் நேரத்தில் துப்பாக்கி நகரும் தூரம், 70 செ.மீ.யை இரு நிறைகளின் விகிதத்தால் பெருக்கினால் கிடைக்கும். வெடிமருந்தின் புகையை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. 6.3 கிலோ துப்பாக்கிக்கு விடை 0.3 மி.மீ. பாதி எடையுள்ள துப்பாக்கிக்கு 0.6 மி.மீ. நேர் பின்னால் இவ்வளவு போவதால் கெடுதல் இல்லை. ஆனால் தோளில் பதியும் இடம் குழலின் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பதால், உதைப்பு துப்பாக்கியைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பவும் செய்யும். ஒரு மயிரிழைக்கே கணக்குப் பார்க்கும் இடத்தில், இந்தத் திருப்பம் பாதியாவது சிறு நன்மையன்று.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கனமான தோசைக்கல் மெதுவாகச் சூடேறும் அல்லவா? கனத்த குழலும் அப்படியே என்றும், அதுவே அதன் முதற் சிறப்பு என்றும் சொல்பவர்கள் உண்டு. பெரிய தோட்டாக்களுக்கு இது உண்மை. இந்தச் சிறிய தோட்டாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஒவ்வொரு தடவையும் 100 ஜூல் வெப்பம் குழலில் இறங்குவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டேகால் கிலோ எஃகுக் குழலுக்கு அது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறுபது தடவை விடாமல் சுட்டாலும் ஆறு டிகிரியைத் தாண்டாது. இந்த வாதத்தை நம்பி யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான விஷயம் வளைவில் இருக்கிறது. எஃகுக் குழல் வளையுமா என்று கேட்காதீர்கள். வளையாத பொருள் உலகில் இல்லை. இரண்டு குழல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் வெளிவிட்டம் 16 மி.மீ.; மற்றொன்று 24 மி.மீ. இரண்டிலும் உள்துளை 5.6 மி.மீ. எடையைக் கணக்கிட்டால் மெல்லியது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தடித்தது 2.35 கிலோ. எடை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஒன்றரையின் நான்காம் அடுக்கு ஐந்து. இரண்டரை மடங்கு எடைக்கு ஐந்து மடங்கு விறைப்பு! எடையைக் கொடுத்து விறைப்பை வாங்கும் பேரத்தில் வாங்குபவர் பக்கமே லாபம் இருக்கிறது.

இந்த ஐந்து மடங்கு எதற்குப் பயன்படுகிறது? அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் இடக்கை தாங்கும் முன்கட்டை குழலின்மேலேயே பொருத்தப்பட்டிருந்தது. தோல்வாரின் இழுப்பு முன்கட்டை வழியாகக் குழலுக்கே போய்ச் சேரும். ஒரு தடவை வாரை இறுக்கமாகவும் மறு தடவை சற்றுத் தளர்வாகவும் மாட்டினால், இரண்டுக்கும் இடையே இரண்டு கிலோ எடையளவு விசை வேறுபாடு எளிதில் வந்துவிடும். இந்த விசை குழலின் வேரிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தாக்குவதாகக் கொண்டு தடித்த குழலுக்குக் கணக்கிட்டேன். குழல்வாயின் திசை 50 மீட்டரில் 14 மி.மீ. மாறுகிறது. பத்து வட்டத்தைத் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். முன் குறிகாட்டி குழல்வாயில்தானே இருக்கிறது? குழல் வளையும்போது அதுவும் சேர்ந்து நகர்கிறது. சுடுபவர் தம்மையறியாமலே பெரும்பகுதியைத் திருத்திவிடுகிறார். முன், பின் குறிகாட்டிகளுக்கு இடையே 80 செ.மீ. என்றால், திருத்தப்படாமல் மிஞ்சும் பிழை சுமார் மூன்றரை மி.மீ. தடித்த குழல் பத்துக்குள் தங்கிவிடுகிறது. இனி மெல்லிய குழல். எல்லாம் ஐந்து மடங்கு. மிஞ்சும் பிழை சுமார் 18 மி.மீ. அது பத்துக்கு வெகு தூரம் வெளியே.

1950-களின் தொழிலாளர்கள் கண்மூடித்தனமாக இரும்பைச் சேர்க்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வேறு வழியும் பிறகு வந்தது. முன்கட்டையைக் குழலைத் தொடாதபடி துப்பாக்கியின் நடு உடலிலிருந்தே நீட்டிவிட்டார்கள். பி.எஸ்.ஏ.யின் மூன்றாம் மாதிரி மார்ட்டினி அப்படிப்பட்டது. குழல் எதையும் தொடாமல் அந்தரத்தில் நீண்டிருக்கும். இந்த ஏற்பாடு இருந்தால் வார் இழுப்பால் குழல் வளைவது அறவே நின்றுவிடும். தடித்த குழலின் சிறப்பில் பாதி தேவையற்றுப் போகும். ஆகவே பழைய துப்பாக்கி வாங்குபவர் ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே நுழைத்துப் பார்த்தால் போதும். தடையின்றிப் போனால் அந்தரக் குழல். போகாவிட்டால் தடித்த குழலையே வாங்க வேண்டும்.

குழல் அதிரவும் செய்கிறது. விசை விடுபட்டு மருந்து வெடித்ததும், தட்டிய மணிபோல அது நடுங்கத் தொடங்குகிறது. குண்டு உள்ளே இருப்பது ஏறக்குறைய மூன்று மில்லி விநாடிதான். அதற்குள்ளேயே குழல்வாய் சிறிது ஏறியோ இறங்கியோ இருக்கும். 1901-ல் மாலக் என்னும் ஆங்கிலேய அறிவியலார் துப்பாக்கிக் குழல்களின் அதிர்வை ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு தடவையும் நடுக்கம் ஒரே மாதிரி இருந்து, குண்டும் ஒரே கணத்தில் வெளியேறினால் எந்தத் தீங்கும் இல்லை. தீங்கு வேறுபாட்டில் இருக்கிறது. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் சற்று மாறும். விநாடிக்கு ஐந்து மீட்டர் குறைந்தாலே, 50 மீட்டரில் குண்டு நாலு மி.மீ. கூடுதலாக விழும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மெதுவான குண்டு குழலைவிட்டுச் சற்றுத் தாமதமாக வெளியேறும். அந்த நேரத்தில் குழல்வாய் மேலே ஏறிக்கொண்டிருந்தால், மெதுவான குண்டுக்குச் சற்று உயர்ந்த திசை கிடைத்து, கூடுதல் வீழ்ச்சி தானே ஈடாகிவிடும்! இறங்கிக்கொண்டிருந்தாலோ பிழை இரட்டிக்கும். இதனால்தான் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரு துப்பாக்கிகள் ஒரே வகைத் தோட்டாவை ஒரே மாதிரி விரும்புவதில்லை. தடித்த குழலில் நடுக்கத்தின் வீச்சு குறைவு. நல்லதும் கெட்டதும் இரண்டுமே குறைவு என்று சொல்லலாம்.

இனி வயதைப் பற்றி. எழுபது ஆண்டான குழல் தேய்ந்திருக்காதா? ஈயம் மென்மையான உலோகம்; மருந்தின் அளவும் மிகச் சிறிது. குண்டினால் எஃகு தேய்வது மிகக் குறைவே. குழலைக் கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று துரு. பழைய தோட்டாக்களின் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். அது நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 1920-களின் பிற்பகுதியில் துருப்பிடிக்கச் செய்யாத கலவைகள் பரவலாயின. ஆகவே 1950-களின் துப்பாக்கியைவிட 1920-களுக்கு முந்தியதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். மற்றொன்று, துப்புரவு! பின்பக்கம் மூடிய அமைப்புள்ள துப்பாக்கிகளில் சுத்தம் செய்யும் கோலை வாய்ப்பக்கமாகவே நுழைப்பார்கள். கோல் ஒரே ஓரத்தில் உராய்ந்து உராய்ந்து குழல்வாயின் விளிம்பு ஒரு பக்கம் தேயும். குண்டின் அடிப்பகுதி வெளியேறும் கணத்தில், தேய்ந்த பக்கமாகப் புகை முந்திக்கொண்டு சீறும். அது குண்டை மறுபக்கம் தள்ளும். சுட்டதால் கெட்ட குழல்களைவிடத் துடைத்ததால் கெட்டவை அதிகம் என்பது சுடுவோர் வட்டாரத்துப் பேச்சு. வாய் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் சுற்றிலும் பார்க்கும்படி எழுதினேன். விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், கைதேர்ந்த தொழிலாளி சில மி.மீ. வெட்டி மீண்டும் சமன் செய்துவிடலாம். உள்ளே துருக்குழிகள் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம்.

மார்ட்டினி அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழேயுள்ள நெம்புகோலை இறக்கினால், பின்முனையில் கீலுள்ள ஓர் எஃகுக் கட்டியின் முன்முனை தாழ்ந்து தோட்டா வைக்க வழிவிடும். ஏற்றினால் அடைத்துக்கொள்ளும். பீபாடி என்ற அமெரிக்கரின் யோசனையைச் சுவிட்சர்லாந்தில் மார்ட்டினி என்பவர் திருத்தி அமைத்தார். 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றது. படைக்குப் பழசாகிப் போன பிறகும் இலக்கு அட்டைக்கு அது பழசாகவில்லை. அடிக்கும் ஊசி நகர வேண்டிய தூரம் குறைவு. ஆதலால் விரல் விசையை இழுத்ததற்கும் மருந்து வெடிப்பதற்கும் இடைப்பட்ட நேரமும் குறைவு. இன்று இவ்வகைத் துப்பாக்கிகள் தயாராவதில்லை என்பதால், உடைந்த உறுப்புக்குப் பழைய துப்பாக்கிகளைக் கழற்றித்தான் தேட வேண்டும். இது வாங்குபவர் மறக்கக்கூடாத குறை.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் போலீசார் தரும் சான்றிதழ் இல்லாமல் இதை வாங்க முடியாது. நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். என் மாணவர் அந்தச் சான்றிதழைப் பெற்ற பிறகே விலை பேசத் தொடங்கினார்.

அவருடைய கடிதத்தில் ஒரு படமும் இருந்தது. விற்பவர் 50 மீட்டரில் சுட்ட அட்டை. மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. "இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்டிருந்தார். துப்பாக்கியை வாங்கலாம் என்றுதான் எழுதினேன். ஆனால் இந்தச் சாட்சியை ஏற்க மறுத்தேன். விற்பவர் ஏமாற்றுகிறார் என்பதல்ல; மூன்று என்ற எண் ஏமாற்றுகிறது. துளைகளில் மிக விலகிய இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பரவல் என்போம். நான்காவது குண்டு பரவலைக் கூட்டலாம் அல்லது அப்படியே விடலாம், குறைக்கவே முடியாது. ஐந்தாவதும் அப்படியே. குண்டுகள் மையத்தைச் சுற்றித் தற்செயலாகச் சிதறுவதாகக் கொண்டால், மூன்று குண்டுகளின் சராசரிப் பரவல் 1 எனில், ஐந்துக்கு 1.3-ம் பத்துக்கு 1.6-ம் வரும். இது துப்பாக்கியின் குணமன்று, எண்ணிக்கையின் குணம். மேலும், மூன்று துளைகள் தற்செயலாக நெருங்கி விழுவது அபூர்வமும் அன்று. பத்துப் பத்தாக நான்கு அட்டைகள், இரண்டு மூன்று வகைத் தோட்டாக்கள் என்று தாமே படுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும்படி எழுதினேன்.

இந்த 1.6-ஐச் சரிபார்க்க உங்களுக்குத் துப்பாக்கி தேவையில்லை. கட்டம் போட்ட தாளைத் தரையில் விரித்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ஈரக் களிமண்ணில் மிளகளவு உருண்டைகள் செய்து, நேராக நின்று, தோள் உயரத்திலிருந்து புள்ளியைக் குறிவைத்து ஒவ்வொன்றாக விடுங்கள். மூன்று விழுந்ததும் பரவலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பத்து ஆகும்வரை விட்டு மறுபடி அளவுங்கள். தாளை மாற்றி இருபது தடவை இப்படிச் செய்து, மூன்றுக்கான சராசரியையும் பத்துக்கான சராசரியையும் எடுத்து வகுத்துப் பாருங்கள்.